தூரம் சுருங்கினால் சலுகையும் சுருங்குமா?

பூமியின் வடகோடியில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று டிராம்ஸோ. நார்வே நாட்டின் வடபகுதியில், கரையை ஒட்டிய தீவொன்றில் அமைந்த பட்டணம். மற்றொன்று லாங்யர்பியன். அங்கிருந்து கடல் தாண்டி இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் என்னும் பனித்தீவுக் கூட்டத்தில் உள்ள சிற்றூர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கே வாழ்கிறார்கள். இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே சாலை இல்லை, பாலம் இல்லை, ரயில் இல்லை. இருப்பதெல்லாம் குளிர்ந்த கடல்தான். விமானம் பறக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் சுமார் 957 கிலோமீட்டர். பயண நேரமோ ஒரு மணி நாற்பது நிமிடம்!

டிராம்ஸோவில் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். அவர்கள் கூடித் தொழும் இடமும் அங்கே உண்டு. அவர்களில் ஒருவர் ஏதோ அலுவலாக லாங்யர்பியன் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் லுஹர் தொழுகிறார். விமானம் ஏறுகிறார். ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிறார், கொஞ்சம் கண்ணயர்கிறார். அஸருக்குள் அந்த ஊரில் இறங்கிவிடுகிறார். சட்டையில் ஒரு துளி வியர்வை இல்லை. காலில் ஒரு தூசி இல்லை. இப்போது அவர் முஸாஃபிரா? நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை அவருக்கு உண்டா? ‘பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் வாடி வதங்கிச் சென்றவர்களுக்கு அளித்த சலுகையை, மெத்தையில் சாய்ந்து சென்ற நான் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று அவருடைய மனசாட்சி கேட்காதா?

இது வடகோடியில் வாழும் நாலு பேருக்கு மட்டும் உரிய கேள்வி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இக்கேள்வி இருக்கிறது. அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே அது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே அங்கேயே வைத்து அதைச் சிந்திப்போம்.

தூரம் வேறு, நேரம் வேறு

முதலில் ஒரு சிறு கணக்கு. இந்தப் பாதையில் செல்லும் ஜெட் விமானம் வானில் நிலைபெற்ற பின் மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். 957 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஓடுபாதையில் ஊர்ந்து செல்வதற்கும், மேலே ஏறுவதற்கும், மெல்ல இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணி நாற்பது நிமிடத்தை நெருங்கிவிடும்.

எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் என்ன ஆகும்? தரையை நோக்க விமானத்தின் வேகம் 700 ஆகக் குறையும். அந்த ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடமாக நீளும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மணி நான்கு நிமிடமாகக் குறுகும். ஒரே விமானம், ஒரே விமானி, ஒரே பாதை. ஆயினும் போகும் நேரம் ஒன்று, வரும் நேரம் ஒன்று! நேரம் காற்றுக்குத் தக்கபடி மாறுகிறது. யந்திரத்துக்குத் தக்கபடி மாறுகிறது. மாறாமல் நிற்பது தூரம் ஒன்றுதான். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

அதே தூரம் அன்று எப்படி இருந்தது?

டிராம்ஸோவின் விமான நிலையம் 1964-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. லாங்யர்பியனின் நிலையம் 1975-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணின் மேல் அதன் ஓடுபாதை போடப்பட்டிருக்கிறது. பொதுமக்களுக்கான வழக்கமான விமானப் போக்குவரத்து உள்ள நிலையங்களில் உலகிலேயே மிக வடக்கே இருப்பது அதுதான்.

அதற்கு முன்னால்? இலையுதிர் காலத்தின் கடைசிக் கப்பல் போய்விட்டால், கடல் உறைந்துவிடும். பிறகு பனி உடைந்து வசந்த காலத்தின் முதல் கப்பல் வரும் வரையில் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளிகளும் அவர்களுடைய குடும்பங்களும் உலகத்தை விட்டே பிரிந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். குளிர்காலத்தில் கடிதக் கட்டுகளை விமானத்திலிருந்து கீழே போட்டுவிட்டுப் போனதுண்டு. 1959 முதல் உறைந்த பள்ளத்தாக்கின் மேல் எப்போதாவது ஒரு விமானம் இறங்கியதும் உண்டு. ஆனால் ‘நாளை புறப்படுகிறேன்’ என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாய் இறந்த செய்தி கிடைத்தாலும் மகன் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

957 கிலோமீட்டர் அன்றும் 957 கிலோமீட்டர்தான். அன்று அது பல மாதம். இன்று அது ஒரு மணி நாற்பது நிமிடம்.

1928-ஆம் ஆண்டில் ஒரு பயணம்

இந்தப் பாதையின் சரித்திரத்தில் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. அது 1928-ஆம் ஆண்டு ஜூன் 18.

ரோல்ட் அமுண்ட்சென் என்ற நார்வே நாட்டவரை அறிந்திருப்பீர்கள். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மனிதர்களில் முதன்முதலாகத் தென் துருவத்தில் கால் வைத்த குழுவின் தலைவர் அவர். 1926-இல் ‘நார்கே’ என்ற வான்கப்பலில் வடதுருவத்தின் மேல் பறந்து அலாஸ்கா வரை சென்றார். அந்த வான்கப்பலை வடிவமைத்துச் செலுத்தியவர் உம்பர்ட்டோ நோபிலே என்ற இத்தாலியர். பயணம் முடிந்த பின், ‘புகழ் யாருக்கு?’ என்ற கேள்வியில் இருவருக்கும் கசப்பு மூண்டது. அமுண்ட்சென் நோபிலேயை வெளிப்படையாகவே கடிந்து எழுதினார், பேசினார். பகை ஊரறிந்த பகையாயிற்று.

இரண்டு ஆண்டு சென்றது. நோபிலே ‘இத்தாலியா’ என்ற வேறொரு வான்கப்பலில் மீண்டும் வடதுருவம் போனார். திரும்பி வருகையில் 1928 மே 25-ஆம் நாள் அந்த வான்கப்பல் ஸ்வால்பார்ட்டுக்கு வடகிழக்கே பனிப்பாளத்தின் மேல் விழுந்து நொறுங்கியது. பிழைத்தவர்கள் மிதக்கும் பனியின் மேல் ஒரு கூடாரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அமுண்ட்செனுக்கு அப்போது வயது 55. பகைவன் தவிக்கிறான் என்று கேட்டதும் அவர் வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. பிரெஞ்சுக் கடற்படையின் ‘லாதாம்’ என்ற நீர்விமானத்தில் மேலும் ஐவருடன் டிராம்ஸோவிலிருந்து ஸ்வால்பார்ட் நோக்கிப் புறப்பட்டார். மாலை நான்கு மணியளவில் கிளம்பிய அந்த விமானத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வானொலிச் செய்தி நின்றுபோயிற்று. ஆகஸ்டு மாதக் கடைசியில் விமானத்தின் மிதவை ஒன்று கடலில் கிடைத்தது. ஆறு பேரின் உடல்கள் இன்று வரையில் கிடைக்கவில்லை. யாரைக் காப்பாற்றப் போனாரோ அந்த நோபிலே ஜூன் 24-ஆம் நாள் ஒரு சுவீடன் விமானியால் மீட்கப்பட்டார். எஞ்சியிருந்தவர்களை ஜூலை 12-ஆம் நாள் சோவியத் பனியுடைக் கப்பலொன்று கரைசேர்த்தது.

இன்று அதே கடலின் மேல், அதே திசையில், பிரயாணிகள் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உறங்கிச் செல்கிறார்கள். கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிறது. அமுண்ட்சென் சென்றதும் பயணம்; இவர்கள் செல்வதும் பயணமா? இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துமா?

சலுகைக்குக் காரணம் எது?

நம்முடைய பெரியார்கள் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள். ஒன்று ‘இல்லத்’, அதாவது சட்டம் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் காரணம். மற்றொன்று ‘ஹிக்மத்’, அதாவது அந்தச் சட்டத்தினால் விளையும் நன்மை, அதன் உள்நோக்கம். பயணத் தொழுகையைச் சுருக்குவதில் ஹிக்மத், சிரமத்தை நீக்குவது. ஆனால் இல்லத் சிரமமன்று. பயணமே இல்லத்.

‘இது சொல் விளையாட்டு’ என்று எண்ண வேண்டாம். கிதாபுகளில் காட்டும் பழைய உதாரணத்தைப் பாருங்கள். அரசன் ஒருவன் பல்லக்கில் சுகமாகப் பயணம் செய்கிறான். அவனுக்குச் சிரமமில்லை; ஆயினும் அவன் சுருக்கித் தொழலாம். மூட்டை தூக்கும் கூலியாள் ஒருவன் சொந்த ஊரில் வெயிலில் முதுகொடிய உழைக்கிறான். அவனுக்குச் சிரமம் மிகுதி. ஆயினும் அவன் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். சிரமமே காரணமாயின் தீர்ப்பு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஏன் சிரமத்தைக் காரணமாக வைக்கவில்லை? சிரமத்தை அளக்கக் கோல் இல்லை. ஒருவனுக்கு மலை, மற்றவனுக்கு மண்மேடு. சட்டத்தை அவனவன் உணர்ச்சியிடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும்? உண்மையான பக்திமான், ‘எனக்கென்ன சிரமம்!’ என்று தன்னை வருத்திக்கொண்டே இருப்பான். சோம்பேறியோ, ‘எனக்கு உடம்பு முடியவில்லை’ என்று ஒவ்வொரு நாளும் தனக்குத் தானே சலுகை வழங்கிக்கொள்வான். நல்லவனுக்கு நஷ்டம், நயவஞ்சகனுக்கு லாபம்! தூரம் அப்படியல்ல. அது ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்று. கிழவனுக்கும் வாலிபனுக்கும் ஒன்று. எதிர்க்காற்றுக்கும் பின்காற்றுக்கும் ஒன்று.

‘பழைய காலத்தில் விமானம் இல்லையே; இருந்திருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள்’ என்று சிலர் வாதிப்பதுண்டு. கி.பி. 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்னும் ஷாஃபி மத்ஹபு நூலை ஓதியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடற்பயணமும் தரைப்பயணத்தைப் போன்றதே. கப்பலில் ஒருவர் அந்த மைல்களையெல்லாம் ஒரு மணிப் பொழுதில் கடந்துவிட்டாலும் சுருக்கித் தொழலாம் என்ற கருத்தை இமாமவர்கள் அதில் அன்றே தெளிவாக்கி வைத்திருக்கிறார்கள். வேகம் கூடும் என்பதை அவர்கள் அறியாமல் இல்லை. அறிந்தே தூரத்தை அளவாக வைத்தார்கள்.

ஷாஃபி மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தூரம் என்று அளவு சொல்லப்படுகிறது. இதைப் பிற்கால உலமாக்கள் பலர் 48 மைல் என்ற கணக்கில் விளக்குவார்கள். மைலின் நீளத்தைப் பற்றிய கருத்து வேற்றுமையினால் கிலோமீட்டர் கணக்கு சற்றுக் கூடும், குறையும். எப்படிக் கணக்கிட்டாலும் 957 கிலோமீட்டர் அந்த அளவைப் பன்மடங்கு தாண்டிவிடுகிறது. ‘அளவு ஏதும் இல்லை, மக்கள் எதைப் பயணம் என்கிறார்களோ அதுவே பயணம்’ என்று கூறிய அறிஞர்களும் உண்டு. அந்தக் கோலால் அளந்தாலும் இது பயணம்தான். ஸ்வால்பார்ட் செல்வோர் மூட்டை கட்டுகிறார்கள், குளிருடை எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டாரிடம் விடைபெறுகிறார்கள், ஒரே அரசின் ஆட்சியில் உள்ள இடமேயானாலும் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

நன்கொடையை மறுப்பது பக்தியா?

திருக்குர்ஆனில் நிஸா அத்தியாயத்தில் பயணத் தொழுகையைச் சுருக்குவது பற்றிச் சொல்லப்படும் இடத்தில், எதிரிகளால் துன்பம் நேரும் என்ற அச்சமும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ‘இப்போதுதான் அச்சம் நீங்கிவிட்டதே, இன்னும் சுருக்குவானேன்?’ என்ற ஐயம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம். அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

நம்முடைய விமானப் பிரயாணியின் ஐயமும் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஐயமும் ஒரே இனம் அன்றோ? காரணம் மறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. சலுகை மட்டும் நிற்கிறது. அதற்குக் கிடைத்த விடை, ‘உனக்குத் தகுதி உண்டா என்று நீ பார்க்காதே, கொடுத்தவன் யார் என்று பார்’ என்பதே. அரசன் நீட்டிய பரிசை, ‘எனக்கு இது தேவைப்படவில்லை’ என்று திருப்பிக் கொடுப்பது அடக்கம் ஆகாது.

செயல்முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபிகளுக்குப் பயணத்தில் கஸ்ரு செய்வது கட்டாயம். ஷாஃபிகளுக்கு அது சலுகை. பயணம் மூன்று மர்ஹலாவை எட்டினால் சுருக்குவதே மேல் என்பர். சென்ற ஊரில் எத்தனை நாள் தங்க நாடினால் பயணி என்ற பெயர் நீங்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. ஷாஃபிகளுக்கு, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாள். இரண்டு மத்ஹபினரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றும் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே சலுகை தொடங்கும். கையில் பயணச்சீட்டு இருப்பதனால் மட்டும் வீட்டிலேயே சுருக்கிவிட முடியாது. விமான நிலையம் ஊர்க் கட்டடங்களோடு ஒட்டியிருந்தால் அங்கேயும் முழுமையாகவே தொழ வேண்டும். இதில் மட்டும் நம்மவர்களுக்கு அவசரம் அதிகம்!

ஒரே விமானத்தில் மூவர்

லாங்யர்பியனில் ஒரு சிறிய மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்கான வசதி அங்கே இல்லை. கருவுற்ற தாய்மார்கள் பேறுகாலத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே நார்வேயின் பெருநிலத்துக்குச் சென்றுவிட வேண்டும். நோய் முற்றியவர்களையும் டிராம்ஸோவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கே விமானத்தில் கொண்டுபோகிறார்கள்.

ஆகவே அந்த விமானத்தை மனக்கண்ணால் பாருங்கள். ஒரு வரிசையில் பனிக்கரடியைப் படம்பிடித்துத் திரும்பும் உல்லாசப் பிரயாணி. அவர் பக்கத்தில், வயிற்றில் கைவைத்தபடி, கணவனை விட்டுப் பிரிந்து செல்லும் நிறைமாதக் கர்ப்பிணி. அதற்கும் அப்பால், தகப்பனாரின் மரணச் செய்தி கேட்டு ஊர் போகும் ஒரு தொழிலாளி. மூவருக்கும் ஒரே 957 கிலோமீட்டர். ஒரே ஒரு மணி நாற்பது நிமிடம். ஆனால் மூவரின் பயணமும் ஒன்றா? வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

‘விமானத்தில் போகிறவனுக்கு என்ன கஷ்டம்?’ என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? மூவருக்கும் ஒரே அளவைக் கொடுத்ததன் மூலம் ஷரீஅத் எவரையும், ‘உன் கஷ்டத்தை நிரூபி’ என்று கேட்காமல் விட்டுவிட்டது. இதுவும் ஓர் அருளல்லவா?

சூரியன் மறையாத ஊர்

இந்தப் பாதையில் இன்னொரு விந்தையும் உண்டு. மே மாத முதல் வாரத்தில் டிராம்ஸோவில் இரவு பத்து மணிக்கு மேலாவது சூரியன் மறையும். லாங்யர்பியனிலோ ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்டு 20-க்குப் பின் வரையில் சூரியன் மறைவதே இல்லை. மஃரிபு உள்ள ஊரில் விமானம் ஏறி, கண்ணால் காணக்கூடிய மஃரிபே இல்லாத ஊரில் இறங்கலாம்! நவம்பர் தொடக்கத்தில் இதற்கு நேர்மாறு. டிராம்ஸோவில் குறுகிய பகல் இருக்கும். அங்கேயோ அக்டோபர்க் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரையில் சூரியன் எழுவதே இல்லை.

அடையாளம் மறைந்துவிட்டது; தொழுகையும் மறைந்துவிடுமா? தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடத்தைப் போல நீளும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, ‘அந்த ஒரு நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா?’ என்று தோழர்கள் கேட்டார்கள். ‘போதாது, கணித்துத் தொழுங்கள்’ என்ற கருத்தில் விடை வந்தது. இதையே அடிப்படையாகக் கொண்டு உலமாக்கள் வழிகாட்டுகிறார்கள். அருகிலுள்ள, இரவும் பகலும் பிரியும் ஊரின் நேரத்தைக் கொள்வோரும் உண்டு. டிராம்ஸோ முஸ்லிம்களில் பலரைப் போல, சூரியன் மறையாத நாட்களிலும் எழாத நாட்களிலும் மக்கமா நகரின் நேரத்தைப் பின்பற்றுவோரும் உண்டு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிரமம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் சலுகை போய்விடவில்லை. சூரியன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கடமையும் போய்விடவில்லை. சலுகையை விட்டுவிட மனம் துடிக்கும் இடத்தில் ‘எடுத்துக்கொள்’ என்றும், கடமையை விட்டுவிட வழி தெரியும் இடத்தில் ‘விடாதே’ என்றும் ஒரே மார்க்கம் சொல்கிறது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: அளவுகோல் நம் கையில் இல்லை.

சுகத்தின் அடியில் இருப்பது

பயணம் உண்மையிலேயே சுகமாகிவிட்டதா? 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், சுரங்கத் தொழிலாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு மாஸ்கோவிலிருந்து வந்த விமானம் லாங்யர்பியனில் இறங்க நெருங்கியது. மேகம் மூடியிருந்தது. பாதை சற்றே விலகியது. விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மலையில் அது மோதியது. அதிலிருந்த 141 பேரும் மாண்டார்கள். கடைசி நிமிடங்கள் வரையில் அவர்களும் மெத்தையில் சாய்ந்துதான் இருந்திருப்பார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பயணத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவே சொன்னேன். அது வியர்வையில் இல்லை. தன் வீடு, தன் மண், தன் வசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறொரு கையில் தன்னை ஒப்படைப்பதில் இருக்கிறது. ஒட்டகத்தின் மேல் இருந்தவன் பிடித்துக்கொள்ளக் கயிறாவது இருந்தது. விமானத்தில் இருப்பவனுக்கு அதுவும் இல்லை. வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய துஆவின் பொருளை எண்ணிப் பாருங்கள். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன். நம் ஆற்றலால் இது முடிந்திராது. நாம் நம் இரட்சகனிடமே திரும்பிச் செல்பவர்கள். ஊருக்குப் புறப்படும்போது ஏன் மறுமைக்குத் திரும்புவதைச் சொல்ல வேண்டும்? ஒவ்வொரு பயணமும் அந்தக் கடைசிப் பயணத்தின் ஒத்திகை என்பதனால் அல்லவா?

அந்த வகையில், ஒரு மணி நாற்பது நிமிடம் பறந்தவனும் முஸாஃபிர்தான். ஐயமே இல்லை.

உறவுக்குக் கஸ்ரு இல்லை

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தொழுகை அல்லாஹ்வின் உரிமை. தன் உரிமையில் பாதியை அவனே விட்டுக்கொடுத்தான். பிரயாணி நோன்பைத் தள்ளி வைக்கலாம். பிறகு எண்ணி நோற்க வேண்டும். மனிதர்களின் உரிமையோ வேறு. கடன் வாங்கியவன் பயணம் போனதால் கடன் பாதியாகாது. வாக்குக் கொடுத்தவன் பயணம் போனதால் வாக்கு சுருங்காது. தாய் தந்தையரின் உரிமையும் உடன்பிறந்தாரின் உரிமையும் எத்தனை கிலோமீட்டர் தாண்டினாலும் முழுமையாகவே நிற்கும்.

இங்கேதான் நாம் தலைகீழாக நடக்கிறோம். தொழுகையில், ‘இது என்ன பெரிய தூரம்! நான் முழுமையாகவே தொழுவேன்’ என்கிறோம். ‘உம்மாவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று?’ என்று கேட்டால், ‘என்ன செய்வது, தூரமாக இருக்கிறதே!’ என்கிறோம். இறைவன் மன்னித்த இடத்தில் தூரம் நமக்குச் சிறியது. மனிதர் காத்திருக்கும் இடத்தில் அதே தூரம் நமக்குப் பெரியது! 1975-க்கு முன்னால் அந்தப் பனித்தீவில் சிக்கிய மகன், ‘கடல் உறைந்துவிட்டது, வர முடியவில்லை’ என்று சொன்னால் அது உண்மை. இன்று எந்தக் கடல் உறைந்திருக்கிறது? கையிலேயே தொலைபேசி இருந்தும் வாரம் ஒரு முறை ஸலாம் சொல்ல மனம் வராதவனிடம் உறைந்திருப்பது கடல் அன்று.

அமுண்ட்செனை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவருடைய கொள்கையும் வாழ்க்கையும் வேறு. ஆனால் அவர் புறப்பட்டது பகைவனுக்காக; அந்தத் தூரம் உயிரைக் கேட்கும் தூரமாக இருந்த காலத்தில். உடன்பிறந்தவனோடு வாய்க்கால் வரப்புக்காகப் பேசாமல் இருக்கும் நமக்கு, அடுத்த தெரு எத்தனை கிலோமீட்டர்?

ஆகவே முடிவு இதுதான். தூரம் சுருங்கினாலும் சலுகை சுருங்காது. அது கொடுத்தவனின் தர்மம். நன்றியோடு எடுத்துக்கொள்வோம்; எடுத்துக்கொள்பவரை ஏளனம் செய்யாதிருப்போம். ஆனால் தூரம் சுருங்கச் சுருங்க நம்முடைய சாக்குகளும் சுருங்கியே தீர வேண்டும். நமக்கு மிச்சமான அந்த நேரத்துக்குக் கணக்கு உண்டு. மாதங்களை மணிகளாக்கித் தந்த நாயன், மிச்சமான நேரத்தை யாருக்காகச் செலவிட்டாய் என்று ஒரு நாள் கேட்பான்.

அடுத்த முறை பயணத்தில் நான்கை இரண்டாகச் சுருக்கித் தொழுது ஸலாம் கொடுத்ததும், எழுந்துவிடாமல் சற்று நேரம் அமர்ந்திருங்கள். மிச்சமான அந்த இரண்டு ரக்அத்தின் நேரத்தில், நெடுநாளாகப் பேசாமல் விட்ட ஒருவரை நினைத்து துஆ செய்யுங்கள். பயணியின் துஆ ஏற்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். பிறகு, ஊர் போய்ச் சேர்ந்ததும் அவரைத் தேடிச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம்முடைய பயணங்களை நலமாக்கி வைப்பானாக! அவன் தந்த சலுகைகளை நன்றியோடு ஏற்கவும், அடியார்களின் உரிமைகளைக் குறைவின்றி நிறைவேற்றவும் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.